பதில் சொல்லக்கூடாத கேள்வி

என் மகன் தமிழ்மாறன் அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பான் என்று நான் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் எனக்குத்தான் முதலில் கிறுக்குப் பிடித்திருக்கும். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன், வந்து கேட்பான். குளியலறைக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்பான். நான் புடவையில் ஊக்குக் குத்திக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தேடிக்கொண்டு, வேலைக்குப் போகும் ஷேர் டெம்போ போய்விடுமே என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் அல்லாடும்போது வழியை மறித்துக்கொண்டு கேட்பான்.

"அம்மா, என் தாடை ஒரு பக்கம் கோணலா இருக்கா?"

"இல்லடா. நல்லா இருக்கு."

"பாக்காமலே சொல்ற."

நின்று பார்ப்பேன். பதினாலு வயசுப் பையனின் தாடை. இப்போதுதான் உதட்டுக்கு மேல் கொஞ்சம் கருக்கிறது. மற்றபடி அதில் பார்க்க ஒன்றுமில்லை. "பாத்துட்டேன். நல்லா இருக்கு, போடா." அவன் முகம் ஒரு நிமிஷம் தெளியும். நான் செருப்பை மாட்டுவதற்குள் மறுபடியும் வந்து நிற்பான்.

"நல்லா இருக்கு" என்பது என் வாயில் தானாக வரும் சொல். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறேன். தோளில் புடவையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பெண்கள் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். எல்லாக் கலரும் எல்லாருக்கும் எடுப்பாக இருக்கும் என்று வாய் கூசாமல் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போய்விட்டது. அதே வாயோடுதான் வீட்டிலும் இவனுக்குச் சொன்னேன்.

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், கொரோனா காலத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். போனில் பாடம் நடத்தினார்கள். திரையில் வாத்தியார் ஒரு கட்டத்தில், பிள்ளைகள் சின்னச் சின்னக் கட்டங்களில். இவன் பாடத்தைக் கவனிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கண்ணாடியில் தெரியும் முகம் ஒரு மாதிரியும் போட்டோவில் தெரியும் முகம் வேறு மாதிரியும் இருக்கிறது என்று எப்போதோ கண்டுபிடித்து, அப்போதிருந்து அதைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு எல்லாரும் கழற்றினார்கள். இவன் கழற்றவில்லை. தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றான், நம்பினேன். மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான், பசியில்லை என்றான், அதையும் நம்பினேன். ஒன்பதாம் வகுப்பில், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க மாஸ்க்கைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையிலிருந்து விலகி, பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். அதற்குப் பிறகு போகவே இல்லை. ஜனவரிக்குள் வராவிட்டால் இந்த வருஷம் கணக்கில் வராது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடா அழகு கிழகு என்றார் என் வீட்டுக்காரர். அவர் பெயர் ராஜவேல். அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்து முதலியார்பேட்டையில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். இவர் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருக்கிறார். அங்கே செய்யும் பாட்டில் மூடிகள் அளவாக இருக்கின்றனவா என்று பார்த்து, குறையுள்ளதைத் தள்ளுவது அவர் வேலை. மனுஷன் வீட்டிலும் அதையேதான் செய்வார். இட்லி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்பார், ஜன்னல் சட்டம் நூல் பிடித்தாற்போல் இல்லை என்பார். கல்யாணத்தன்று எனக்குத் தாலி முடிச்சைப் போட்டதும், அது சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் மூன்றாவது முறையாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டதும் இவருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டி வெளியே வரவழைத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். மூடியின் விட்டத்தை அளக்க வைத்திருக்கும் எஃகுக் கருவி அது, நண்டு கொடுக்கு மாதிரி இருக்கும். பையனை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நீ சொல்றதையும் நம்ப வாணாம், உங்கம்மா சொல்றதையும் நம்ப வாணாம். இது பொய் சொல்லாது. அளந்து காட்டிட்டா அத்தோட இந்தப் பேச்ச வுட்றணும். சரியா?"

மாறன் தலையாட்டினான். அவ்வளவு ஆசையோடு அவன் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இவர் காதுக்குக் கீழிருந்து முகவாய் வரை ஒரு பக்கம் அளந்தார். மறுபக்கம் அளந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முதல் பக்கம் போனார். எங்கள் வீட்டுக்காரருக்கு எல்லாக் கெட்ட பழக்கமும் உண்டு, பொய் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது.

"ரெண்டு மில்லி," என்றார்.

"என்னாப்பா ரெண்டு மில்லி?"

"எடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கம்மி. அது ஒண்ணுமில்லடா, எல்லாருக்கும் இருக்கும். கம்பெனிலயே இவ்ளோ வித்தியாசம் இருக்கலாம்னு ஒரு அளவு வெச்சிருப்பாங்க. அதுக்குள்ளதான் வருது. உன்ன பாஸ் பண்ணிடலாம்."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். மாறன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "அப்ப கோணல்தான்," என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவர் கையில் வெர்னியரோடு நின்றார். என்னால் திட்டாமல் இருக்க முடியவில்லை. புள்ளையா பாட்டில் மூடியா என்று ஆரம்பித்து, அவர் கம்பெனி, வெர்னியர், அவர் பரம்பரை என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் இழுத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் என் அண்ணி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா கமலவேணி, கருவடிக்குப்பத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்து நீவி, தலையை உருட்டி, முகவாயை ஒழுங்கு பண்ணி விடுவார். ஈர மண் மாதிரிதான் பிள்ளை, பிடிச்ச பிடியில்தான் முகம் அமையும் என்பது அவர் கட்சி. நல்ல மனசுதான். வாய்க்கும் மனசுக்கும் நடுவே கதவு கிடையாது, அவ்வளவுதான்.

அளந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அவனே சொன்னான். அண்ணி மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பெருசா ஒண்ணும் இல்லடா கண்ணு. பொறந்தப்ப நாந்தான் உன்ன நீவி வுட்டேன். மூக்க எப்புடி எடுத்து வுட்டுருக்கேன் பாரு. தாடையில கைய வெக்கறதுக்குள்ள உங்கம்மா வந்து புடுங்கிக்கினு போய்ட்டா, புள்ள கத்துதுன்னு. இன்னும் நாலு நாளு வுட்டிருந்தா அதையும் சரி பண்ணிருப்பேன்."

பிள்ளைக்கு மூச்சு முட்டி உடம்பு நீலம் பாரித்தது, அதனால் பிடுங்கினேன். இப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த நிமிஷம் நான் அண்ணியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தேன். மறுபடி ஏற்றிக்கொண்ட மாஸ்க்குக்கு மேலே அவன் கண் என்மேல் நின்றது. அப்படி அவன் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கேள்வி நின்றுபோனது. ஒரு வாரம் முழுக்கக் கேட்கவில்லை. எனக்கு ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அடுப்படியில் எண்ணெய் குறைவதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒரு காலை, தூங்கிக்கொண்டிருந்தவன் முகத்திலிருந்து மாஸ்க் விலகியிருந்தது. இடது பக்கம் தாடையெல்லாம் கன்றிப்போய், தோல் உரிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. தானே நீவிக்கொண்டிருக்கிறான். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, எலும்பை நகர்த்திவிடலாம் என்று.

எழுப்பினேன். என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை, கத்தினேன்.

"நீ ஏன் நிறுத்தச் சொன்ன?" என்றான். "சின்னப் புள்ளையிலயே சரி பண்ணிருப்பாங்க இல்ல. நீதான நிறுத்தின. இப்ப ஆபரேஷன் பண்ணு. பண்ணலன்னா நான் இருக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு லீவு சொன்னார். அன்றைக்கே பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம், தாடை எலும்பைப் பார்ப்பவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். அங்கே ஒரு வயசான டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். நாங்கள் எழுந்துகொள்ளப் போனோம். அவர் விடவில்லை. "கண்ணாடி முன்னாடி எவ்வளவு நேரம் நிப்பே தம்பி?" என்று கேட்டார். மாறன் தரையைப் பார்த்தான். "நீங்க பாக்க வேண்டிய டாக்டர் நான் இல்லம்மா," என்று என்னிடம் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

"பைத்தியமா எம்புள்ள?" என்று இவர் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்தார். நீங்க வேணா வெளிய நில்லுங்க என்று சொல்லிவிட்டு நான் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னாலேயே வந்தார்.

டாக்டர் தீபலட்சுமி என்னைவிடச் சின்னவர். முதலில் மாறனோடு தனியாக நெடுநேரம் பேசினார். வெளியே பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. குழாய் வரைக்கும் போனேன், வந்தேன், சுவரில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். உள்ளே கூப்பிட்டதும் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா, ஏதாவது செஞ்சிக்கணும்னு நெனச்சியான்னு நேராவே கேட்டேன். தோணியிருக்குன்னு சொன்னான். செய்யற அளவுக்கு எதுவும் யோசிக்கல. ஆனா கொஞ்ச நாளைக்கு வீட்ல தனியா விடாதீங்க. இது திமிரும் இல்ல, செல்லமும் இல்ல, அழகுமேல ஆசையும் இல்ல. ஒரு நோய். இந்த வயசுலதான் தொடங்கும், பசங்களுக்கும் வரும். வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்ல மாட்டாங்க."

"தாடைக்கு ஒண்ணும் இல்லன்னு அந்த டாக்டரே சொல்லிட்டாரே மேடம். இவனுக்கு ஏன் மண்டையில ஏற மாட்டேங்குது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேஸ் மூடினோமான்னு எழுந்து எழுந்து போய்ப் பாக்கறவங்கள பாத்திருக்கீங்களா? மூடியிருக்குன்னு கண்ணு சொல்லும், மனசு கேக்காது. படுப்பாங்க, திரும்ப எழுந்து போவாங்க. ஒவ்வொரு தடவ போய்ப் பாக்கும்போதும் அந்தப் பயத்துக்குச் சோறு போடறாங்க. இவன் கண்ணாடிக்குப் போறதும் அதுதான், உங்ககிட்ட வந்து கேக்கறதும் அதுதான். ஆபரேஷன் பண்ணா தாடைய விட்டுட்டு மூக்குக்கு வரும்."

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். "அவன் கேக்கறப்ப நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவேன்."

"இனிமே சொல்லாதீங்க."

"கோணல்னு சொல்லச் சொல்றீங்களா?"

"எதுவும் சொல்லாதீங்க. 'இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன் கூட இருக்கேன்'னு மட்டும் சொல்லுங்க. கோவப்படுவான், அழுவான். நீங்க உறுதியா நிக்கணும்."

மாத்திரை எழுதினார், சின்ன அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்களாம். வாராவாரம் வரச் சொன்னார். கண்ணாடி பல் தேய்க்க மட்டும், போனில் படம் எடுப்பது கிடையாது, தாடையில் கை வைப்பது கிடையாது. மாஸ்க்கைக் கழற்றிப் பழக வேண்டும், முதலில் வீட்டுக் கூடத்தில், பிறகு மொட்டை மாடியில், பிறகு தெருவில். பயம் வந்தால் ஓடி வரக்கூடாது, அது தானாக இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். கேட்டபோது சுலபமாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். பகலில் அவர், சாயங்காலத்துக்கு மேல் நான். அந்த நாட்களை எப்படி ஓட்டினோம் என்று தெரியவில்லை. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே இருந்தேன். அவன் கேட்பான். "பதில் சொல்ல மாட்டேன், உன் கூட இருக்கேன்" என்பேன். "கூட இருந்து என்ன பண்றது?" என்பான். தட்டைத் தள்ளுவான். குளியலறைக் கதவை உதைப்பான். நான் வெங்காயம் நறுக்குவேன், தேவையில்லாத வெங்காயமெல்லாம் நறுக்கினேன். சில நாள் எனக்கு அவன்மேல் வெறுப்பே வந்தது. பெற்ற பிள்ளைமேல் வெறுப்பு வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? டாக்டரிடம் சொன்னேன். வரும், போகும் என்றார்.

ஒரு தடவை இவர் சறுக்கிவிட்டார். பையன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவும், "நல்லாத்தாண்டா இருக்கு, எங்கப்பாவ உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். அரை மணி நேரம் வீடு அமைதியாக இருந்தது. பிறகு மாறன் பரணிலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கி, தாத்தாவின் தாடையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். தாத்தாவுக்கும் கோணலா, அது தனக்கு வந்ததா, இன்னும் வயசானால் கூடுமா என்று அந்த வாரம் முழுக்க அதே பாட்டு. கூடத்தில் கழற்றியிருந்த மாஸ்க் மறுபடி முகத்துக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். கூடம், மாடி, வாசல். தீபாவளி கழித்து ஒருநாள், முகம் மூடாமல் தெருமுனைக் கடைக்குப் போய் முட்டை வாங்கினான். ஓடி வரவில்லை, கடைக்காரரிடம் நின்று வெங்காயம் என்ன விலை என்று கேட்டிருக்கிறான், வாங்க வேண்டியதே இல்லாத வெங்காயம். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கினான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பாராட்டினால் அதுவும் தாடையைப் பற்றிய பேச்சாகிவிடுமோ என்று பயந்து, முட்டையைப் பற்றியே பேசினேன். கேள்வி குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. டெம்போவில் ஏறச் சொன்னால் மட்டும் முடியாது என்றான். டெம்போவில் எல்லாரும் எதிரெதிராக முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள், எதிரில் இருப்பவர் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடம் தினமும் நடக்கிற தூரத்தில் இல்லை, போக வேறு வழி கிடையாது.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, காலையில் சண்டை. அவன் கேட்டான், நான் வழக்கம்போலச் சொன்னேன். "நெஜமாவே கோணலா இருக்கு, அதான் வாய மூடிக்கிற. நல்லா இருந்தா சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான," என்றான். நான் டெம்போவைப் பிடிக்க ஓடினேன். அது உண்மையில்லை என்று திரும்பிச் சொல்லத் துடித்துக்கொண்டே ஓடினேன்.

கடையில் கால் வைக்க இடமில்லை. மதியத்துக்கு மேல் செல்வாம்பாள் மதாம் வந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அப்படிப்பட்ட குடும்பத்தைச் சொல்தா வீடு என்று இங்கே சொல்வோம். பாரிஸில் இருக்கிறார்கள், டிசம்பர் ஆனால் வந்து என்னிடம்தான் புடவை எடுப்பார். மாம்பழக் கலர் ஒன்றைத் தோளில் போட்டு நான் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கண்ணாடியில் மதாமின் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தது.

மாறன். முகத்தில் மாஸ்க் இல்லை. தலை தூறலில் நனைந்திருந்தது.

"யார் கூட வந்த? அப்பா எங்க?"

"தூங்கறாரு. தனியாத்தான் வந்தேன், டெம்போல." மூச்சு வாங்கியது அவனுக்கு. "இங்க லைட்டு நல்லா இருக்கு. இங்க பாத்துச் சொல்லு. ஒரே ஒரு தடவ. நீ சொல்லிட்டா ஜனவரில ஸ்கூலுக்குப் போறேன். சத்தியமா போறேம்மா. இனிமே கேக்கவே மாட்டேன்."

மூன்று பக்கமும் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் அவன். புடவையோடு நின்ற மதாம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நிர்மலாவோட பையனா? லட்சணமா இருக்காரே," என்றார்.

"அவங்க மரியாதைக்குச் சொல்றாங்க," என்றான், என்மேலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ சொல்லு."

அந்தக் கடையில் நின்று, முன்பின் தெரியாத எத்தனை பேருக்கு அந்தச் சொல்லை வாரி வாரிக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு ஒரு தடவை. பள்ளிக்கூடம் போகிறேன் என்கிறான், வருஷம் வீணாகாது என்கிறான். பரணிலிருந்து இறங்கிய ஆல்பமும், முகத்துக்குத் திரும்பிப் போன மாஸ்க்கும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"மாறா, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உன் கூட இருக்கேன்."

அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு பேர் நடுவே அது படுமுட்டாள்தனமாகக் கேட்டது. அவன் உதடு கோணியது. "சரி," என்றான். திரும்பினான். படியிறங்கிப் போய்விட்டான்.

மதாமின் தோளிலிருந்த புடவையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திணித்துவிட்டு ஓடினேன். மேலே ஸ்டாஃப் ரூமில் செருப்பு கிடந்தது, அதை நினைக்கவே இல்லை. நேரு வீதியில் பண்டிகைக் கூட்டம். குடைகள், பைகள், பலூன் விற்பவர்கள். பெரிய மார்க்கெட் பக்கம் கொஞ்ச தூரம் போனேன், இல்லை என்று திரும்பினேன், அண்ணா சாலைப் பக்கம் ஓடினேன். இருக்க மாட்டேன் என்று அவன் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் தொலைத்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன்.

டெம்போ நிற்கும் இடத்தில் நின்றிருந்தான்.

பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கும் காலேஜ் பையன்கள் நாலைந்து பேருக்கும் நடுவே, நேராக நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. கையால் முகத்தை மறைக்கவில்லை. யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"செருப்பு எங்கம்மா?" என்றான்.

"கடையில."

"கண்ணாடி கிண்ணாடி குத்தப் போவுது," என்று சொல்லிவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு டெம்போ வந்தது, நிறைந்திருந்தது, போய்விட்டது. தூறல் வலுத்தது. பூக்கார அம்மா கூடையைப் பிளாஸ்டிக் தாளால் மூடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான். "கோணலா இருக்காம்மா?"

எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை. டாக்டர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். தெருவில் வெறுங்காலோடு நின்றுகொண்டு பெற்ற பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் இருக்க நான் கல் இல்லை. அவன் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன்.

"சொல்லாத," என்றான் அவசரமாக. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "சொல்லிடாதம்மா. சொன்னா வீட்டுக்குப் போறதுக்குள்ள மறுபடி கேப்பேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அழுகை வந்தது, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். அவன் என் கையை விடவில்லை. அடுத்த டெம்போ வந்ததும் முந்திக்கொண்டு ஏறி, ஆட்கள் எதிரெதிராக நெருக்கி உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தான்.